பணம் கட்டி மூன்று மாதம்: கேரவன் வண்டியை டீலர் எப்போதுதான் தயார் செய்து தருவார்?

கேள்வி: வள்ளியூர் வாசகர், 2024 ஏப்ரல் 6

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வேன் ஒன்றுக்கு ஜனவரியில் அட்வான்ஸ் கொடுத்தேன். பிப்ரவரி கடைசியில் வண்டி வந்துவிட்டது என்று போட்டோ அனுப்பி, முக்கால்வாசிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து "ரெடி பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்ற ஒரே பதில்தான். கார் வாங்கினால் நாலு நாளில் சாவியைத் தருகிறார்கள். இதற்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் ஆகிறது? தினமும் போன் போட்டு நெருக்கலாமா?

பதில்கள்: வைண்டிங் கடைக்காரர், கல்லிடைக்குறிச்சி

ஏப்ரல் 6, இரவு

நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன். டீலர் வேறு, கதை ஒன்று. டிசம்பரில் புக்கிங். பொங்கல் முடிந்ததும் பெரிய தொகை கட்டினேன். "பங்குனி உத்திரத்துக்கு வீட்டு வாசலில் நிற்கும் அண்ணாச்சி" என்றார்கள். சாஸ்தா கோயிலுக்கு அம்மாவை அந்த வண்டியில்தான் கூட்டிப்போக நினைத்திருந்தேன். கடைசியில் மருமகன் காரில் போனோம். அம்மாவுக்கு 79 வயது, நீர் மாத்திரை சாப்பிடுகிறாள். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினோம். ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஒரு இடத்தில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. மூன்றாவது இடம் சாலையோரப் புதர். திரும்பி வரும்போது அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். நான் இந்த வண்டிக்கு அலைவதன் காரணம் அதுதான், சுற்றுலா ஆசை இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நெருக்குங்கள். தினமும் காலையில் ஒரு போன். வண்டியை உடனே உங்கள் பெயருக்குப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். பெயர் ஏறாத வண்டியை வேறொருவருக்குத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

ஏப்ரல் 7

"ஏன் மாதக்கணக்கு" என்பதற்கு நேற்று பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

கார் கம்பெனியிலிருந்து முழுசாக வருகிறது. டீலர் துடைத்து, சரிபார்த்து, நம்பர் பிளேட் மாட்டித் தந்தால் முடிந்தது. கேரவன் அப்படி இல்லை. கம்பெனியிலிருந்து வருவது வெறும் வேன். அது பாடி கட்டும் பட்டறைக்குப் போய், உள்வேலை முடிந்து, காகிதம் தயாராகி, டீலரிடம் திரும்பி, அப்புறம் ஆர்டிஓ அலுவலகம் போகிறது. பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், திருச்செங்கோடு என்று பெயர் பெற்ற ஊர்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே வரிசையில் நிற்கும் பஸ், லாரிகளுக்கு நடுவில் கேரவன் என்பது எப்போதாவது வரும் வேலை.

சட்டத்தில் மோட்டார் கேரவன் என்று ஒரு வகையே இருக்கிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம், இந்த நான்கும் வண்டியோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும். இருக்கையையே மடக்கிப் படுக்கையாக்கினாலும் செல்லும், மேசையை மட்டும் கழற்றும்படி வைத்தாலும் செல்லும். இந்த வகைக்கான தரக்குறிப்பு ஏஐஎஸ்-124. அந்த அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பா என்பதை முதலில் கேளுங்கள். தெருமுனைப் பட்டறையில் கட்டில் அடித்துப் போட்டால் அது கேரவன் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஏப்ரல் 10

இன்று எனக்குக் கிடைத்த பதில்: "தேர்தல் முடியட்டும் அண்ணாச்சி." 19-ஆம் தேதி ஓட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் கணக்கில்லாத ரொக்கம் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடிப்பது உண்மைதான். ஆனால் நான் கட்டியது எல்லாம் வங்கி வழியாக. தேர்தலுக்கும் தண்ணீர்த் தொட்டி மாட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை.

மே 3

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. நேற்று ராத்திரி பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கே போய்விட்டேன். ஷோரூமுக்குப் போகவில்லை, வேலை நடக்கும் இடத்துக்கு. முகவரியை வாங்கவே இரண்டு வாரம் ஆயிற்று.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சருகு. கட்டிலும் அலமாரியும் முடிந்திருந்தன, வேலை சுத்தமாகவே இருந்தது. ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் மோட்டார் வரவே இல்லை. என்ஜின் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.9 வோல்ட். நல்ல பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து, புது பேட்டரியே பாதி ஆயுள் ஆகிவிடும். பட்டறைக்காரரிடம் சொன்னேன். அன்றைக்கே கழற்றி சார்ஜில் போட்டார்.

அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு பேசினேன். மோட்டாரும் ஜன்னல் ரப்பரும் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆர்டர் போனதே ஏப்ரல் நடுவில்தான். அதுவரை வண்டி சும்மா நின்றிருக்கிறது. ஷோரூமில் போன் எடுக்கும் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. நான் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் உள்ளே யாரையோ கேட்பாள், அவர் "வெள்ளிக்கிழமை" என்பார், அந்தப் பெண் என்னிடம் "வெள்ளிக்கிழமை" என்பாள். நான் அதை நம்பி அம்மாவிடம் சொல்வேன்.

ஏப்ரல் 6-இல் நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தினமும் போன் போடாதீர்கள். தேதி கேட்டால் ஏதோ ஒரு தேதி கிடைக்கும். என்ன வேலை முடிந்தது, எந்தச் சாமான் வரவில்லை, அதற்கு ஆர்டர் போட்ட சீட்டு எங்கே என்று வாரம் ஒரு தடவை கேளுங்கள். போட்டோ கேளுங்கள், அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வள்ளியூர்க்காரருக்குப் பிப்ரவரியில் வந்த போட்டோ வேன் இறங்கிய அன்று எடுத்ததாகத்தான் இருக்கும்.

மே 4

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று, வயரிங். முப்பது வருஷம் மோட்டார் சுற்றியவன், வயரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

வீட்டில் 230 வோல்ட். ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வண்டியில் 12 வோல்ட். அங்கே ஒரு வோல்ட் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு. பேட்டரி பின்னால், ஃப்ரிட்ஜ் முன்னால், நடுவே 6 மீட்டர். போக வர 12 மீட்டர் வயர். அவர்கள் இழுத்திருந்தது ஒன்றரை ஸ்கொயர் எம்எம். ஃப்ரிட்ஜ் 8 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே 1.1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். பேட்டரியில் 13 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு 12 கூட முழுசாகச் சேராது. பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் கம்ப்ரசர் தானே நின்றுவிடும். மாட்டிய அன்று எல்லாம் நன்றாகவே இருக்கும். ராத்திரி 2 மணிக்குத்தான் பால் திரியும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.3 வோல்ட். வயருக்கு ஆகும் கூடுதல் செலவு மொத்த விலையில் தூசு.

ஃப்ரிட்ஜ் இன்னும் பெட்டியில் இருந்ததால் வயரை மாற்றுவது அரை நாள் வேலையாகப் போயிற்று. பலகை அடித்து, ஃபோம் ஒட்டி, ரெக்சின் போர்த்திய பிறகு கண்டுபிடித்திருந்தால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அது இல்லாமல் வயர் உரசித் தீப்பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது.

மே 4, மாலை

கோவில்பட்டி நண்பர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி முழுக்க ஏசி ஓடும் என்கிறார் டீலர், நம்பலாமா?"

கணக்கு இதோ. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, 12.8 வோல்ட், பெருக்கினால் 2,560 வாட்-மணி. இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு போகும். 1,500 வாட் ஏசி இடைவிடாமல் ஓடினால் ஒன்றரை மணி நேரம். விட்டு விட்டு ஓடினால் கொஞ்சம் கூட வரும். ராத்திரி முழுக்க வேண்டுமென்றால் வெளியில் இருந்து கரண்ட் எடுக்க வேண்டும். மின்விசிறி மட்டும் என்றால் கவலையே இல்லை.

மே 9

பதிவு பற்றி நான் சொன்னதும் தப்பு. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. வள்ளியூர்க்காரர் என் பேச்சைக் கேட்டு ஏப்ரலிலேயே அவசரப்படுத்தித் தற்காலிகப் பதிவு வாங்கிவிட்டாராம்.

தற்காலிகப் பதிவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். பதிவு என்றாலே இன்சூரன்ஸ் வேண்டும். பாலிசி அன்றிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு நாம் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்போம். கேரண்டியும் பெரும்பாலும் விற்பனைத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாவற்றுக்கும் தனித்தனி பில், தனித்தனி தேதி. வேலை முடியும் முன் பில் போட்டால் அத்தனை கேரண்டியும் சும்மா கரையும். நிரந்தரப் பதிவையே அவசரப்பட்டு வாங்கினால் இன்னும் மோசம். ஆர்சியில் பயணிகள் வேன் என்று ஏறிவிடும். அப்புறம் உள்வேலை செய்வது மாற்றம் செய்ததாகிவிடும்.

வேறொருவருக்குத் தள்ளிவிடுவார்களே என்ற பயத்துக்கு எளிய வழி, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பணம் வாங்கிய ரசீதில் எழுதி வாங்குவது. எனக்கு அது இப்போதுதான் புத்தியில் பட்டது. வள்ளியூர் அண்ணாச்சி, என் அவசரத்தால் உங்களுக்கு வந்த நஷ்டத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

மே 10

சின்ன விஷயம். 10 லட்சத்துக்கு மேல் போகும் வண்டிக்கு விலையோடு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி, வசூலிப்பார்கள். அது நம் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

மே 19

அம்மா கேட்டாள்: "ஏல, அந்த வீட்டு வண்டி எங்கல நிக்கி?" மோட்டார் வரணும் என்றேன். அவள் பேச்சு தன் அப்பாவுக்கு வண்டி செய்த கதைக்குப் போய்விட்டது. நம் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

தாத்தாவுக்குக் கூண்டு வண்டி. சக்கரத்துக்குக் கருவேல மரம். ஆசாரி மரத்தை அறுத்துப் போட்டு மாதக்கணக்கில் காயவிட்டாராம். பச்சை மரத்தில் ஆரக்கால் அடித்தால் காய்ந்து சுருங்கி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தில் ஆட ஆரம்பிக்கும். கடைசியில் இரும்புப் பட்டை. அதைத் தீயில் பழுக்கக் காய்ச்சினால் விரியும். நாலு பேர் இடுக்கியால் தூக்கி, சக்கரத்தின் மர விளிம்பான வட்டையின் மேல் இறக்கி, தண்ணீரை ஊற்றினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆவி கிளம்பும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றாள் அம்மா. அந்த வண்டியில்தான் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவார்களாம். பானை, அரிசி, பாய், கோழி எல்லாம் வண்டியில். ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துப் போட்டால் அதுதான் வீடு.

தாத்தா அவசரப்படவில்லையா என்று கேட்டேன். தினமும் சாயங்காலம் ஆசாரி பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவாராம். குடம் கடைவதையும் ஆரக்கால் செதுக்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம். எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு பாக்கி என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் நாள் கேட்கவே தோன்றவில்லையாம். நான் மே மாதம் பட்டறைக்குப் போய் வந்த பிறகு எனக்கும் ராத்திரித் தூக்கம் வந்தது. வண்டி அன்றைக்கும் முடிந்திருக்கவில்லை.

ஜூன் 9

இரண்டாவது தடவை போனேன். தண்ணீர் மோட்டார் வந்து மாட்டியாயிற்று. தொட்டி 120 லிட்டர். நிரப்பச் சொன்னேன். "டெலிவரி அன்னிக்குப் பார்த்துக்கலாமே" என்றார்கள். இன்றைக்கே பார்க்கலாம் என்று நின்றேன்.

வண்டி வாங்குபவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். தொட்டியை நிரப்பி, குழாய்களை எல்லாம் மூடி, மோட்டார் சுவிட்சைப் போடுங்கள். குழாயில் அழுத்தம் ஏறியதும் அது தானே நின்றுவிடும். நின்ற பிறகு பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். யாரும் குழாய் திறக்காமல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மோட்டார் "டர்ர்" என்று ஒரு நொடி ஓடி நின்றால் எங்கேயோ கசிகிறது. என் வண்டியில் ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடியது. கட்டிலுக்கு அடியில் ஒரு கிளிப் இறுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக பிளைவுட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டிருந்தால் பலகை ஊறி உப்பியிருக்கும்.

குளியலறைத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வடிகால் ஒரு மூலையில், பள்ளம் இன்னொரு மூலையில். வழுக்கும் ஈரத்தில் அம்மாவை நான் எப்படி நிறுத்துவேன்? தரையைத் திரும்பப் போடுங்கள் என்றேன். பட்டறைக்காரருக்கு முகம் மாறியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நல்ல மனிதர். ஆனால் செய்துகொடுத்தார்.

ஜூன் 11

தூத்துக்குடி வாசகர் ஒருவருக்கு: "ஸ்டாக்கில் நிற்கும் வண்டி, உடனே எடுத்துக்கலாம்" என்றால் அது எப்போதிலிருந்து நிற்கிறது, எங்கே நின்றது என்று கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பேர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியைத் துடைத்து வைத்தால் மேலுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் ஏறிய கோடு நாடாவில் தெரியும். சீட்டின் கீழே போல்ட் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் ஆவி, இவற்றையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 4822 என்றால் 2022-இன் 48-ஆம் வாரம்.

ஜூலை 8

போன் அவர்களிடமிருந்தே வந்தது. "ஆடி பிறக்குறதுக்கு முன்னால எடுத்துடுங்க அண்ணாச்சி, 17-ஆம் தேதி ஆடி 1. அப்புறம் ஒரு மாசம் யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க." பாக்கி? "மேலே கூரையில தண்ணி இறங்காம அடைக்கிற கோட்டிங் ஒண்ணு இருக்கு, ரெண்டு மூணு சின்ன வேலை. ஊருக்குக் கொண்டுபோங்க, அப்புறம் ஆள் அனுப்புறோம்."

உண்மையைச் சொல்கிறேன், எடுத்துவிடத்தான் நினைத்தேன். ஏழு மாதமாகக் காத்திருக்கிறேன். குற்றாலத்தில் சாரல். வீட்டில் பேரன் பேத்திகள் லீவு போடத் தயாராக இருந்தார்கள். அம்மாதான் தடுத்தாள். "ஆடியில என்ன குறை? ஆடியிலதான் அம்மனே ஊருக்குள்ள வாரா. ஓட்டையோட எடுத்தா ஆனியில எடுத்தாலும் ஓட்டைதான்." மேல்கூரை வேலை முடியாமல் எடுக்கவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். உள்வேலைப் பணத்தில் கடைசித் தவணை இன்னும் என்னிடம் இருந்ததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. மொத்தமும் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா தெரியாது.

ஜூலை 14

வள்ளியூர் அண்ணாச்சி 12-ஆம் தேதி எடுத்துவிட்டாராம். வாழ்த்துகள். போட்டோவில் வண்டி அழகாக இருக்கிறது, மாலையும் எலுமிச்சம்பழமும் பொருத்தம்.

ஜூலை 23

வள்ளியூரிலிருந்து வந்த செய்தியைப் படித்து மனசு சரியில்லை. குற்றாலம் போனவர்களுக்குப் பழைய அருவிப் பக்கம் ராத்திரி முழுக்க மழை. ஏசி மாட்டிய ஓட்டையின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கி, குழந்தை படுத்திருந்த மெத்தை நனைந்துவிட்டது. இன்வெர்ட்டர் மேலேயும் சொட்டியிருக்கிறது. நல்லவேளை, அவர் மெயினை அணைத்துவிட்டார். டீலரிடம் கேட்டால் "கொண்டுவந்து விடுங்க" என்கிறார்களாம். மறுபடி முந்நூறு கிலோமீட்டர், மறுபடி காத்திருப்பு. இந்த முறையும் இன்சூரன்ஸும் கேரண்டியும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அண்ணாச்சி, இப்போது செய்ய வேண்டியது: மெத்தையையும் மேல் பலகையையும் கழற்றி வெயிலில் காயவையுங்கள். நனைந்த இடத்தைப் போட்டோ, வீடியோ எடுத்துத் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள், போனில் மட்டும் சொல்லாதீர்கள். கடையில் கிடைக்கும் சிலிகானை நீங்களே பூசாதீர்கள். அதன் மேல் அப்புறம் வேறு பசை ஒட்டாது. "நீங்க கை வச்சிட்டீங்க" என்ற பேச்சுக்கும் அது இடம் கொடுக்கும். கொண்டுபோய் விடும்போது எந்தெந்த வேலைக்காக விடுகிறீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். மதினிக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். உங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், மீட்டரோடு.

ஜூலை 30

வந்தேன் என்று எழுதிவைக்கிறேன். வள்ளியூர் வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சின் தொனியே மாறுகிறது. கூரையில் சரிவு இல்லை, ஏசியைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறது. அதைக் காட்டிய பிறகு மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. காரையாறு பக்கம் கூட்டமாம். இப்போது அது புலிகள் காப்பகத்துக்குள். கேரவனை ஆற்றங்கரையில் நிறுத்திச் சமைப்பது நடக்காத காரியம், நடக்கவும் கூடாது. அம்மாவுக்கு அது தெரியும். கல்லிடைக்குறிச்சியிலேயே ஆற்றில் முழுக்கு, வீட்டில் படையல். படைத்து முடித்ததும் "தாத்தா வண்டி எட்டு மாசம் ஆச்சு" என்றாள். எனக்கும் எட்டாவது மாதம்.

ஆகஸ்ட் 24

ஆவணி பிறந்தது, வண்டியும் வந்தது. நேற்று எடுத்தேன்.

காலை 9 மணிக்குப் போய் மாலை 5 வரை அங்கேயே இருந்தேன். தீயணைப்பு வண்டி மாதிரி ஹோஸ் பிடித்துக் கூரை மேல் அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொன்னேன், உள்ளே காகிதம் பரப்பி வைத்துப் பார்த்தேன், ஒரு பொட்டு நனையவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில் 13.2, ஃப்ரிட்ஜ் முனையில் 12.9. மோட்டார் நின்ற பிறகு இருபது நிமிஷம் சத்தமே இல்லை. கேஸ் இணைப்பில் சோப்பு நுரை, குமிழி இல்லை. இத்தனையும் பார்த்த பிறகே கடைசித் தவணையும் நிரந்தரப் பதிவும். ஆர்சியில் மோட்டார் கேரவன் என்றே இருக்கிறது.

வரும் வழியில் ஒரு ரைஸ் மில் எடைமேடையில் ஏற்றினேன். தொட்டி நிரம்ப, ஆறு பேர், சாமான் எல்லாம் கணக்கிட்டால் பின் அச்சு தாங்கலாம் என்று அனுமதித்த எடைக்கு இன்னும் 180 கிலோதான் மிச்சம் இருக்கிறது. பின்பக்கம் இன்னொரு பேட்டரி வைக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

ரெக்சின் மெத்தை வேர்க்கிறது என்று அம்மா பத்தமடைப் பாய் ஒன்றை மேலே விரித்துவிட்டாள். அளவு வைத்ததுபோல் சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 15

ஆவணித் திருவிழாக் கூட்டம் கலையட்டும் என்று இருந்து, நேற்று திருச்செந்தூர். ஆழ்வார்திருநகரி தாண்டிக் குரும்பூருக்கு முன்னால் ஒரு ஆலமர நிழலில் நிறுத்தினோம். அம்மா தானே எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து "தண்ணி குடுல" என்றாள். ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள்.

வள்ளியூர் வண்டி வியாழக்கிழமை திரும்பிவிட்டது, கூரை சரி, மெத்தை புதிது. இன்சூரன்ஸில் போன மாதங்களுக்கு என்ன செய்யலாம் என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். டீலருக்கு எழுத வேண்டிய கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். என் வண்டியில் மேல் அலமாரிக் கொக்கி ஒன்று மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது திறந்துகொள்கிறது. செவ்வாய்க்கிழமை கூரியரில் அனுப்புகிறார்களாம். ஆர்டர் போட்ட சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்.